கோதுமைக்கு முன்னாடி தட்டை சாப்பிடும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இரண்டு வருஷத்தில் மூன்று அறுவடை எடுக்கிற வழக்கம் உண்டு. முதல் வருஷம் மக்காச்சோளம். அதை அறுத்ததும் அக்டோபரில் குளிர்காலக் கோதுமை. அடுத்த ஜூனில் கோதுமையை அறுத்த கையோடு அதே தாளுக்கு நடுவே சோயா. இதில் பல பேர் நிலத்தை உழுவதே இல்லை. 1962-லேயே அங்கே ஹாரி யங் என்ற விவசாயி ஒரு ஏக்கருக்கும் குறைவான இடத்தில் உழாமல் விதைத்துக் காட்டிவிட்டார். மண் அரிப்பு குறையும், டீசல் மிச்சம், விதைப்பும் சீக்கிரம் முடியும். எல்லாம் சரி. ஆனா மக்காச்சோளத் தட்டை அப்படியே மேலே கிடக்குமே?

இங்கதான் நம்ம மாஸ் பேலன்ஸ் வேலைக்கு வருது. ஒரு டன் காய்ந்த தட்டையில் சுமார் 450 கிலோ கார்பன் இருக்கும். கார்பன்-நைட்ரஜன் விகிதம் 60 என்று வைத்தால், நைட்ரஜன் வெறும் 7.5 கிலோ. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மூன்றில் ஒரு பங்கு கார்பனை, அதாவது 150 கிலோவை, உடம்பில் சேர்க்கும். மீதியை மூச்சாக விட்டுவிடும். அவற்றின் உடம்பில் இந்த விகிதம் சுமார் 8. அப்போ தேவை 19 கிலோ நைட்ரஜன். பற்றாக்குறை 11 கிலோவுக்கு மேல். அதை மண்ணிலிருந்துதான் எடுக்கும், கோதுமை வேருக்குப் போட்டியாக. தட்டை மெதுவாகத்தான் மட்கும் என்பதால் மொத்தமும் ஒரே பருவத்தில் போகாது. நுண்ணுயிர்கள் செத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியும் வரும். ஆனா கோதுமைக்கு வேண்டிய நாளில் வருமா என்பதுதான் சிக்கல்.

"சரி, விதைக்கும்போதே ரெண்டு மூட்டை யூரியா கூடப் போட்டா போச்சு"னு உங்களுக்குத் தோணலாம். குளிர்காலத்தில் பயிர் பாதித் தூக்கத்தில் இருக்கும், எடுத்துக்கொள்வது ரொம்பக் கொஞ்சம். மீதி நைட்ரேட்டாக மாறி மழையோடு இறங்கும், அல்லது ஈர மண்ணில் வாயுவாகப் பறக்கும். இறங்கியது ஒஹாயோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடா வரை போய், அங்கே மீன்கள் மூச்சுவிட முடியாத பகுதி உருவாகக் காரணமாகிறது.

அதனால் பெரும்பகுதி மேலுரமாகத்தான் போகும், இரண்டு தவணையில்: குளிர் குறையும்போது தூர் கட்டும் சமயத்தில் ஒன்று, கணு விடுவதற்குச் சற்று முன் இன்னொன்று. முதல் தவணை எவ்வளவு என்பதைத் தூர்களை எண்ணித்தான் முடிவு செய்யணும். அடர்த்தியாக இருந்தால் குறைவு, கலைவாக இருந்தால் அதிகம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குச் சொன்னால், விதைப்பில் கொட்டுவது ஓப்பன் லூப், இது ஃபீட்பேக்.

தாராளமாகப் போட்டால் என்ன? பயிர் சாயும். சாய்ந்த கோதுமையை அறுக்க இயந்திரத்துக்கு நாள் பிடிக்கும். ஜூனில் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் சோயா விளைச்சலைத் தின்னும். பிப்ரவரியில் தூவிய உரம் ஜூலையில் வேறொரு பயிரை அடிக்குது, பாருங்க!

எங்கே விழுது என்பதும் முக்கியம். தட்டையில் யூரியேஸ் என்சைம் நிறைய இருக்கு. அதன் மேல் கிடக்கும் யூரியா, வெயில் நாட்களில் அம்மோனியாவாகக் காற்றில் போயிடும். உழுத நிலமாக இருந்தால் மண்ணோடு கலந்துவிடலாம். இங்கே மழையை நம்பணும், அல்லது திரவ உரத்தைத் தெளிக்காமல் கோடு கோடாக விடணும்.

அளவில் இன்னும் சந்தேகமா? வயலில் ஒரு பட்டைக்கு மட்டும் முன்கூட்டியே தாராளமாக நைட்ரஜன் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் தவணை நேரத்தில் அந்தப் பட்டை மட்டும் கரும்பச்சையாகத் தெரிந்தால், மற்ற இடம் பசியில் இருக்கு. வித்தியாசமே தெரியலைன்னா மூட்டையைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம்.