‘கடி’ ஓடுமா, நிற்குமா?

ஓட்டப்பிடாரத்தில் பேருந்துக்குக் காத்து நின்றால் ‘வெரசா ஏறு’, ‘சுருக்கா வா’ என்ற குரல்கள் காதில் விழும். இரண்டும் அவசரத்தைச் சொல்பவை, யாருக்கும் குழப்பமில்லை. பழைய நூல்களில் வரும் அவசரமும் கற்பும் அவ்வளவு எளிதில் பிடிபடாது. தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, இன்றைய பொருளை அங்கே கொண்டுபோய் வைத்தால் வழுக்கி விழுவோம்.

நம்பிக்கை: ‘கடி’ என்றால் பல்லால் கடிப்பதுதான்.

உண்மை: தொல்காப்பியத்தின் உரியியல் இந்தச் சொல்லுக்குப் பத்துப் பொருள் தருகிறது. விரைவு அதில் ஒன்று, காப்பு இன்னொன்று. கூர்மை, புதுமை, அச்சம், சிறப்பு எல்லாம் உண்டு. ‘கடிது வந்தான்’ என்றால் வேகமாக வந்தான். ‘கடிமரம்’ என்றால் பகைவர் கை படாமல் அரசன் காத்துவந்த மரம். முன்னது ஓடுகிறது, பின்னது நின்ற இடத்தில் நிற்கிறது. எந்த இடத்தில் எது என்பதை அக்கம்பக்கத்துச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும். ‘கடிமணம்’ என்பதை அவசரக் கல்யாணம் என்று படித்தால் பெண்வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

நம்பிக்கை: ஆங்கில ‘ஃபாஸ்ட்’ வேகத்துக்காகவே பிறந்த சொல்.

உண்மை: அதன் முதற்பொருள் உறுதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் பிணைப்பதை ‘மேக் ஃபாஸ்ட்’ என்பார்கள். கப்பலை விரட்டுவதல்ல, அசையாமல் கட்டி நிறுத்துவது. துவைத்தாலும் போகாத சாயம் ‘ஃபாஸ்ட் கலர்’. உண்ணாநோன்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்டிங்’கும் இதே வேர்தான்: எடுத்த விரதத்தில் உறுதியாக நிற்பது. வேகம் என்ற பொருள் பின்னால் வந்தது. அதற்கும் பின்னால், கட்டுப்பாடில்லாமல் திரிகிறாள் என்று ஒரு பெண்ணை ஏசவும் இந்தச் சொல்லே பயன்பட்டது. கட்டிவைப்பதில் தொடங்கி, கட்டவிழ்ந்ததில் வந்து முடிந்த பயணம்!

‘குவிக்’ கதையும் இப்படித்தான். பழைய ஆங்கில ஜெபநூலில் இறந்தோருக்கு எதிரே நிற்கும் ‘குவிக்’ வேகமானவர்கள் அல்லர்; உயிரோடிருப்பவர்கள்.

நம்பிக்கை: கற்பு என்றால் என்றைக்குமே பெண்ணின் உடல் தூய்மை மட்டும்தான்.

உண்மை: தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலை அடுத்து வருவது கற்பியல். ஊரறியாமல் காதலிப்பது களவு. ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. அது இருவரும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கைக்குப் பெயர். சொல்லின் வேர் ‘கல்’, அதாவது கற்றுக்கொள்வது. திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்கும் அந்நூல் காரணம் சொல்கிறது: பொய்யும் தவறும் தலைகாட்டியதால். பழகியதை மறைப்பவர்களும் பாதியில் கைவிடுபவர்களும் இருந்ததால்தான் சடங்கு தேவைப்பட்டது. பெண்ணின் மனவுறுதி என்ற பொருளும் அந்நூலிலேயே உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ‘மட்டும்தான்’ என்பதுதான் பிழை.

நம்பிக்கை: ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்பது நம் மொழியின் நோய், ஆங்கிலத்தில் கிடையாது.

உண்மை: ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வைப் பாருங்கள். இயாகோவை ‘ஹானஸ்ட்’ என்றால் நேர்மையானவன். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா ‘ஹானஸ்ட்’தானா என்று கேட்டால் அவள் கற்புடையவளா என்பது கேள்வி. ஒரே நாடகம், ஒரே சொல், இரண்டு தராசு. நேர்மையானவன் என்று பெயர் வாங்கியவன்தான் அந்தப் பெண்மீது பழி சுமத்துகிறான் என்பதை அறிந்தால் அந்தச் சொல்லின் கசப்பு புரியும். கற்பு இருபாலாருக்கும் பொது என்று பிற்காலத்தில் பாடிய பாரதி, ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்து எட்டயபுரத்துக்காரர்.

ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த வ.உ.சி.யைக் கப்பலோட்டியவராக எல்லோரும் அறிவோம். தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர், திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை அச்சேற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது. ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கியதும் அவரே. உரையில்லாமல் பழைய சொல்லை அணுகக் கூடாது என்பதை இரு மொழியிலும் உழைத்துத் தெரிந்துகொண்ட மனிதர்.

எனவே, பழைய நூலில் தெரிந்த சொல் ஒன்று எதிர்ப்பட்டால் சுருக்காகக் கடந்துவிடாதீர்கள். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம். நம்மை ஏமாற்றுவது தெரிந்த சொல்தான்.