தறியில் ஏறிய பாவும் தந்த வாக்கும்

தொழுகையின் பர்ளுகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லும் நம்மில் பலர், வியாபார உடன்படிக்கையின் நிபந்தனைகள் எவை என்று கேட்டால் விழிக்கிறோம். அல்மாயிதா அத்தியாயமோ உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு இடும் கட்டளையுடனேயே தொடங்குகிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஆகவே இதுவும் மார்க்கக் கல்வியே.

காஞ்சிபுரத்தில் இப்படி நடப்பதாக வைத்துக் கொள்வோம். காந்தி சாலைக் கடைக்காரர் ஒருவர், பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருக்கும் நெசவாளரிடம் நிறம், கரை, விலை எல்லாம் பேசி 20 பட்டுச் சேலைகள் கேட்கிறார். அவரும் சம்மதிக்கிறார். கர்நாடகத்துப் பட்டு நூலையும் சூரத் ஜரிகையையும் கடனுக்கு வாங்கி, சாயமேற்றி, பாவைத் தறியில் ஏற்றுகிறார். பாதி வேலையில், “வியாபாரம் மந்தம், இனி வேண்டாம்” என்று கடையிலிருந்து ஆள் வருகிறது. ஏறிய பாவை மீண்டும் விலைபோகும் நூலாக்க முடியுமா? நியாயம் யார் பக்கம்?

1. உடன்படிக்கை எப்போது உண்டாகிறது?

ஒருவர் முன்மொழிவது ஈஜாப். மற்றவர் அதை அப்படியே ஏற்பது கபூல். “விலையைக் கூட்டினால் சரி” என்பது கபூல் ஆகாது. அது புதிய ஈஜாப். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் (பிரிவு 7) நிபந்தனையற்ற சம்மதத்தையே கேட்கிறது. வாய்ச்சொல்லும் செல்லும், ஆனால் வழக்கென்று வந்தால் எழுத்தும் சாட்சியுமே பேசும்.

2. இன்னும் நெய்யாத சேலையை விற்கலாமா?

முழு விலையையும் அதே சபையில் கொடுத்து, பொருளின் வகை, அளவு, தவணை ஆகியவற்றைத் தெளிவாக்கினால் அது ஸலம். செய்து தரச் சொல்வது இஸ்திஸ்னா. ஹனஃபி மத்ஹபில் மக்கள் வழக்கத்தை முன்னிட்டு இது கூடும்; முழு முன்பணம் கட்டாயமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் ஸலமின் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நூலையும் ஜரிகையையும் கடைக்காரரே கொடுத்தால் அது விற்பனையன்று, கூலி வேலை. அதன் சட்டம் வேறு.

3. இடையில் விலகலாமா?

இஸ்திஸ்னாவில் ஹனஃபி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டம், உடன்படிக்கை முடிந்தபின் இருவரும் விலக முடியாது என்றது. பொருள் சொன்னபடி அமையாவிட்டால் மட்டும் வாங்குபவருக்கு உரிமை உண்டு. அதன்படி நம் கடைக்காரர் சேலைகளை ஏற்கவே வேண்டும். உண்மையிலேயே சிரமம் என்றால் வந்து கேட்கலாம். இருவரும் மனமொத்து ரத்துச் செய்வது இகாலா. அதில் விட்டுக் கொடுப்பவருக்கு நன்மை உண்டு, வற்புறுத்த இடமில்லை.

“மாதந்தோறும் இத்தனை சேலை” என்று முடிவுத் தேதியின்றிப் பேசியிருந்தால், நிறுத்த விரும்புபவர் நியாயமான அவகாசம் தர வேண்டும். எத்தனை நாள் என்பதை முதலிலேயே எழுதுங்கள். ஏறிய பாவு முடியும்வரை நெய்ததை ஏற்பதாகவும் ஒரு வரி சேருங்கள்.

4. பரிகாரம் என்ன?

சேலையில் மறைந்திருந்த குறை தெரிந்தால் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. குறையை மறைத்து விற்பது ஹராம். வாக்குத் தவறியவரிடமிருந்து, அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தைச் சட்டம் (பிரிவு 73) பெற்றுத் தரும். அபராதத் தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்பே. நீதிமன்றம் நியாயமானதையே தரும் (பிரிவு 74).

பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. அசல் நம் உரிமை. அதைத் தயங்காமல் கேளுங்கள். வட்டி நமக்கு ஆகாது. கடனாளி நலிந்தவரானால் அவகாசம் கொடுப்பது திருமறையின் போதனை (2:280). வசதியுள்ளவர் தவணை சொல்லி அலைக்கழிப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அநியாயம் என்றார்கள்.

பாவு ஏறுமுன் எழுதப்படும் ஒரு தாள், பின்னால் இரு குடும்பங்களின் கண்ணீரைத் தடுக்கும். வாக்கைக் காப்பவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.