பழைய வானொலிப் பெட்டியின் குரல்

ஒரு பாடலைக் கைத்தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதையே பழைய கையடக்க வானொலியின் மத்திய அலையில் கேட்டால், பாடகர் கதவுக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் இருக்கும். பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் நன்றாக இயங்கும் பெட்டியிலும் ஒலி அப்படித்தான் இருக்கும். அதற்கான காரணம் நமது பௌதிகவியல் பாடத்திலேயே இருக்கிறது.

இளம் காது 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கும். நமது பிராந்தியத்தில் மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இடம் ஒதுக்கப்படுகிறது. பக்கத்து நிலையம் குறுக்கிடாதிருக்க, ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெட்டி வெட்டிவிடுகிறது. 'ஸ்' என்ற ஒலியின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே அது மழுங்கிக் கேட்கிறது. பண்பலையோ 15 கிலோஹேர்ட்ஸ் வரை தருகிறது.

தாழ்ந்த ஒலிகளிலும் இழப்பு உண்டு. உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் அவற்றை உரத்து எழுப்ப முடியாது. ஆண் குரலின் அடிப்படை மீடிறன் ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ். அது சரியாக வெளிவராவிட்டாலும், செய்தி வாசிப்பவர் ஆண் என்று உடனே அறிகிறோம். 240, 360, 480 என அதன் மடங்குகள் காதை எட்டுகின்றன. விடுபட்டதை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

மிஞ்சுவது நடுப்பகுதி. பேச்சை விளங்கிக்கொள்ள அதுவே பெரும்பாலும் போதும். பழைய தொலைபேசியும் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே அனுப்பியது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்திலும் விரும்பிக் கேட்கப்பட்ட காலத்தில், அறிவிப்பாளர்களின் குரல் இந்தக் குறுகிய வழியாகவே சென்றது. பி. எச். அப்துல் ஹமீத் போன்றோரின் தெளிவான உச்சரிப்பு எவ்வளவு பெறுமதியானது என்பது இப்போது விளங்குகிறது.

இரைச்சலுக்குக் காரணம் வேறு. மத்திய அலையில் காவி அலையின் வீச்சமே ஒலியைச் சுமக்கிறது. மின்னலும் மின்சாதனங்களும் அந்த வீச்சத்தைக் குழப்புகின்றன. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் எல்.ஈ.டி. மின்குமிழ்களையும் தொலைபேசி மின்னேற்றிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். 'கறகற' சத்தம் படிப்படியாகக் குறைந்தது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் உம்மும்மா பௌதிகவியல் படித்தவரல்லர். ஆனால் ஒலி மங்கினால் பெட்டியை மெல்லத் திருப்பிவைப்பார். உள்ளேயிருக்கும் பெரைட் கோலின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கும்போது அலை நன்றாகப் பிடிபடும். கோலின் நுனி நோக்கினால் மங்கும். அந்தப் பெட்டியை எறிந்துவிட்டுப் புதியது வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் சம்மதிப்பதில்லை. வயது ஏற ஏற, காது முதலில் இழப்பது உயர்ந்த மீடிறன்களையே. எனவே எனக்குக் குறையாகத் தெரிவது அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால், எறியுமுன் பற்றறியை மாற்றுங்கள். மின்னேற்றிகளிலிருந்து தள்ளிவைத்து, ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மின்சாரம் தடைப்பட்டு, கைத்தொலைபேசியும் அணைந்துபோகும் வெள்ள நாளொன்றில் நமக்குத் தேவைப்படுவது இனிய இசையல்ல, விளங்கும் பேச்சு. அதை இந்தப் பெட்டியால் தரமுடியும்.