சிரிப்புப் படமும் சிவப்பு பட்டனும்



"டெக்னிக்கல் கட்டுரை கேட்டா சினிமா பத்தி எழுதறியே" என்று கேட்காதீர்கள். இதிலும் நம்ம பாடம் இருக்கு.

1964 ஜனவரியில் வெளியானது ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'. புத்தி பேதலித்த ஓர் அமெரிக்கத் தளபதி, ஜனாதிபதியைக் கேட்காமலே ரஷ்யா மீது அணுகுண்டு வீச விமானங்களை அனுப்பி விடுகிறார். திரும்ப அழைக்கும் ரகசியக் குறியீடு அவருக்கு மட்டுமே தெரியும். ரஷ்யாவிடமோ, குண்டு விழுந்தால் தானாக இயங்கி உலகையே அழிக்கும் இயந்திரம். நிறுத்த யாராலும் முடியாது. அப்படி ஒன்று இருப்பதையே வெளியில் சொல்லவில்லை! பீட்டர் ஜார்ஜின் மூலநாவல் சீரியஸானது. படமோ வயிறு குலுங்க வைக்கும்.

விமர்சகர்கள் இரண்டு கட்சியானார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' பாஸ்லி க்ரவுதர் படத்தின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டினார். ஆனால் நாட்டின் பாதுகாப்பு அமைப்பையே கேலிக்கு ஆளாக்குகிறதே என்று வருந்தினார். தொழில்நுட்ப வரலாறு எழுதிய லூயிஸ் மம்ஃபோர்ட், அதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் படத்துக்காக வாதாடினார். நோய் படத்தில் இல்லை, அணு ஆயுதக் கொள்கையில்தான் என்பது அவர் கட்சி. நியூயார்க் விமர்சகர் வட்டம் குப்ரிக்கைச் சிறந்த இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்காரில் 4 பரிந்துரை. விருது ஒன்றுகூட இல்லை. 1989-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் 25 படங்களில் ஒன்றானது.

யார் சொன்னது சரி? இப்படி நடக்கவே நடக்காது என்று விமானப்படை உறுதி சொல்வதாக ஓர் அறிவிப்பு படத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. ஆனால் ஜனாதிபதியைத் தொடர்பு கொள்ள முடியாத அவசரத்தில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த, ஐசனோவர் காலத்திலேயே சில தளபதிகளுக்கு முன்கூட்டி அதிகாரம் தரப்பட்டிருந்ததைப் பின்னாளில் வெளியான ரகசிய ஆவணங்கள் காட்டின. என் ஓட்டு மம்ஃபோர்டுக்குத்தான்.

நம்ம ஒர்க்‌ஷாப் லேத்தில் சிவப்பு ஸ்டாப் பட்டன் எதற்கு? மெஷின் தப்பு செய்யும், அதை ஓட்டும் மனுஷனும் தப்பு செய்வான் என்று முன்பே ஒப்புக்கொண்டு வைத்தது அது. "எங்க சிஸ்டத்துல தப்பே வராது" என்பவரிடம்தான் அந்தப் பட்டன் இருக்காது. அவரைப் பார்த்து ஒருவன் சிரித்தால் கோபப்படாதீர்கள் தோழர்களே. அந்தச் சிரிப்பும் ஒரு எச்சரிக்கை மணிதான். நாளை ஒரு டிசைனில் கையெழுத்துப் போடும் முன், "இதை நிறுத்துவது எப்படி?" என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்!