பிள்ளையின் தலைக்கு வடிவம் கொடுப்பது யார்?

திருமங்கலத்திலும் கள்ளிக்குடி, செக்கானூரணி, பேரையூர் பக்கமும் பிள்ளை பிறந்த வீட்டில் முதல் மூன்று மாதத்துக்கு அம்மாச்சி வைத்ததுதான் சட்டம். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கெண்டைக்காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி, கண்ணில் தண்ணீர் படாமல் நெற்றியில் இடது கையை அணைகொடுத்து வெந்நீர் ஊற்றுவார். ஊற்றி முடித்ததும் தலையை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து உருட்டுவார். மூக்குத் தண்டைப் பிடித்து நீவுவார். மகளின் பேறுகாலத்துக்காக வெளிநாடு போய் வருகிறவர்கள் இப்போது இன்னொரு சேதியும் கொண்டுவருகிறார்கள்: அங்கே ‘கிரேனியல் ஆஸ்டியோபதி’ என்ற பெயரில் பிள்ளையின் மண்டையை மெல்லத் தொட்டே வைத்தியம் பார்க்கிறார்களாம், நம் கிழவிகள் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்களாம். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: தலையை உருட்டிவிடாவிட்டால் கோணலாகிவிடும்.

சுகப்பிரசவத்தில் பிறக்கும் பிள்ளையின் தலை நீண்டு, ஒரு பக்கம் புடைத்துத் தெரிவது சகஜம். மண்டையோட்டு எலும்புகள் பிறக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. குறுகிய வழியில் வெளிவரும்போது ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறிக்கொள்கின்றன. சில நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரம் பத்து நாளில், யார் கையும் படாமலே அவை சரியாகிவிடும். அதே நாட்களில்தான் நாமும் உருட்டிக்கொண்டிருக்கிறோம். பேர் நம் கைக்குப் போய்விடுகிறது.

பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34 செ.மீ. ஒரு வயதில் அது 45 செ.மீ.க்கு வந்துவிடும். உள்ளே வளரும் மூளைதான் எலும்பைத் தள்ளி இடம் பண்ணிக்கொள்கிறது. தலைக்கு வடிவம் கொடுப்பது அதுதான். அந்த வளர்ச்சிக்கு இடம் விட்டே பின்னுச்சியும் உச்சிக்குழியும் திறந்திருக்கின்றன. பின்னுச்சி இரண்டு மூன்று மாதத்திலும், முன்னால் உள்ள உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள்ளும் மூடும். எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது மூடும்.

ஒரே பக்கமாகப் படுப்பதால் தலை தட்டையாவது வேறு சங்கதி. அதற்கும் உருட்டல் மருந்தில்லை. மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு, அதை மாற்றவேண்டாம். முகம் திரும்பும் பக்கத்தை மாற்றிவிடுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறக் கிடத்துங்கள். பிறந்த ஓரிரு நாளில் மண்டையின் ஒரு பக்கத்தில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால் அதைத் தேய்க்கவே கூடாது. எலும்பை மூடிய சவ்வுக்கு அடியில் கசிந்த ரத்தமாக அது இருக்கலாம். வாரக்கணக்கில் தானாக வற்றும்; அந்த நாட்களில் மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும்.

நம்பிக்கை: மண்டையோட்டுக்கு ஒரு துடிப்பு உண்டு; தேர்ந்த கை அதைச் சரிசெய்யும்.

இது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கிர்க்ஸ்வில் என்ற ஊரின் ஆஸ்டியோபதி கல்லூரியில் பிறந்த நம்பிக்கை. 1899இல் அங்கே மாணவராக இருந்த வில்லியம் கார்னர் சதர்லேண்ட், பிரித்து வைத்திருந்த மண்டையோட்டின் பொட்டெலும்பு விளிம்பைப் பார்த்தார். மீனின் செவுள்போல அது சரிவாக இருந்ததால் மண்டையும் மூச்சுவிடுவதுபோல அசைகிறது என்று முடிவுகட்டினார். அதிலிருந்து வந்ததுதான் கிரேனியல் ஆஸ்டியோபதி. 1994இல் வெளியான ஆய்வொன்றில் இந்தச் சிகிச்சை தெரிந்த மூவரை ஒரே 12 பேரின் தலையைத் தொட்டுத் துடிப்பை எண்ணச் சொன்னார்கள். மூவரின் எண்ணிக்கையும் ஒத்துவரவேயில்லை. நாடித்துடிப்பை மூன்று நர்ஸுகள் எண்ணினால் இப்படி ஆகாது.

பிள்ளையின் அழுகையைக் குறைக்கவாவது இந்தச் சிகிச்சை உதவுமா? இதையும் முதுகெலும்பைக் கையால் நெட்டியெடுக்கும் வைத்தியங்களையும் சேர்த்து, 325 குழந்தைகளிடம் நடந்த ஆறு சிறிய ஆய்வுகளை 2012இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. அழுகை குறைந்ததாகத்தான் பல ஆய்வுகள் சொல்லின. ஆனால் தம் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்ததா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாமல் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அந்தப் பலன் உறுதியாகத் தெரியவில்லை.

நம்பிக்கை: உரம் விழுந்த பிள்ளைக்கு உரம் எடுத்தால்தான் அழுகை நிற்கும்.

எனக்கு மனசு பதறுவது இங்கேதான். பிள்ளை ராத்திரியில் வீறிட்டால், தூக்கும்போது சிணுங்கினால், கழுத்தை ஒரு பக்கமே வைத்திருந்தால் ‘உரம் விழுந்திருச்சு’ என்கிறோம். பழைய நூல்சேலையில் கிடத்தி, இரண்டு பேர் முனையைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிவிடுகிறோம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுகிறவர்களும் உண்டு. கைக்குழந்தையின் கழுத்துத் தசை தலையைத் தாங்காது. வேகமாகக் குலுங்கினால் மண்டைக்குள் ரத்தம் கசியலாம்.

காரணம் தெரியாத அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். உரம் எடுத்த அம்மாவும், ஆஸ்டியோபதிக்கு ஆறு தடவை போன அம்மாவும் அதைக் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் கையைத் தூக்கினால் மட்டும் அழுகிற பிள்ளைக்குப் பிரசவத்தில் காறை எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். கழுத்து சாய்ந்தே இருந்தால் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வேண்டியிராது. திருமங்கலம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, அழாதபோதும் புடைத்து நிற்கும் உச்சிக்குழி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

உரம் எடுப்பதோடு, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் இன்றைக்கே நிறுத்திவிடலாம். நுரையீரலுக்குள் போன எண்ணெய் நிமோனியாவாக மாறுவதைத் தென்னிந்திய டாக்டர்கள் எழுபதுகளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. டெல்லியில் 125 குழந்தைகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில் நல்லெண்ணெய் தேய்த்த பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். தேய்த்தபின் நன்றாகத் தூங்கவும் செய்தார்கள். அம்மாச்சியின் கை வேண்டும். அழுத்தமும் உருட்டலும்தான் வேண்டாம்.

நம்பிக்கை: வயிற்றைத் தடவிப் பிள்ளையைத் திருப்பிவிடலாம்.

கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் நான்கில் ஒரு பிள்ளை தலை மேலாகத்தான் இருக்கும். மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நான்குதான் அப்படி மிஞ்சும். மற்றவை தானே திரும்பியிருக்கும். வீட்டில் எண்ணெய் போட்டுத் தள்ளினால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும் ஆபத்து இருக்கிறது. வெளியிலிருந்து திருப்பும் முறை மருத்துவத்திலும் உண்டு. 36, 37 வாரம் வாக்கில், ஸ்கேனில் பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே, உடனே சிசேரியன் செய்ய வசதியுள்ள இடத்தில் மகப்பேறு டாக்டர் செய்வார். கர்ப்பகாலத்தில் மண்டை வைத்தியத்துக்கு இடமுண்டா? கர்ப்பிணிகளின் இடுப்பு வலிக்கு மண்டையைத் தொடும் சிகிச்சையை ஸ்வீடனில் 123 பேரிடம் சோதித்து 2013இல் எழுதினார்கள். காலை நேர வலி சற்றே குறைந்தது. மாலை வலியிலும் வேலைக்குப் போகமுடியாத நாட்களிலும் வித்தியாசமில்லை. அந்த வலிக்கு இடுப்புப் பட்டையும் பிசியோதெரபி பயிற்சியும் உண்டு. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கேளுங்கள்.