வலம் வந்தால் எத்தனை பாகை?

படிவம் 2 கணிதத்தில் 'புத்தாரான்', அதாவது சுழற்சி, வந்ததும் நம்மில் நிறைய பேர் செய்வது ஒன்றுதான்: சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுவது. சோதனையில் கூட்டல், கழித்தல் குறி மாறிப்போகும்; புள்ளிகளும் போகும். புரியாமலே தாண்டிவிட்டால், படிவம் 5 கூடுதல் கணிதத்தில் ரேடியன் வரும்போது மறுபடியும் தடுமாறுவோம். பொறியியல் படிக்க ஆசை உள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு. அதனால் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்: கோயில்.

சந்நிதியை வலம் வரும்போது சுவாமி நம் வலக்கைப் பக்கம் இருப்பார். மேலிருந்து பார்த்தால் நாம் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறோம். சுழற்சிக்கு வேண்டிய மூன்றும் இதிலேயே இருக்கு.

மையம்: சந்நிதி.
கோணம்: ஒரு சுற்றுக்கு 360 பாகை.
திசை: 'ஈக்குட் ஆரா ஜாம்'.

விடையில் மூன்றையும் எழுதணும். 180 பாகைக்கு மட்டும் திசை முக்கியமில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் நேர் எதிரே போய்த்தான் நிற்போம்.

இப்போ சூத்திரம் இல்லாமல் ஒரு கணக்கு. (3, 1) என்ற புள்ளியை ஆதிப்புள்ளியை மையமாக வைத்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 90 பாகை சுழற்றணும். இந்தப் புள்ளி வலப்பக்கம் 3, மேலே 1. தாளை அப்படியே திருப்பிப் பாருங்க. வலப்பக்கம் இருந்தது மேலே போகும். மேலே இருந்தது இடப்பக்கம் போகும். ஆக, மேலே 3, இடப்பக்கம் 1. விடை (–1, 3). கழித்தல் குறி எங்கிருந்து வந்தது என்று இப்போ தெரியுதா? கடிகாரத் திசையில் சுழற்றினால் (1, –3) வரும். நீங்களே திருப்பிப் பார்த்துச் சரிபாருங்க.

ரேடியனும் இதே சுற்றுதான். சந்நிதியின் மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வட்டமாகச் சுற்றினால் ஏறக்குறைய 12.6 மீட்டர் நடப்போம். 4 மீட்டர் தள்ளிப் போனால் 25.1 மீட்டர். தூரம் இரண்டு மடங்கு, ஆனால் கோணம் மாறவில்லை. நடந்த தூரத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்க: இரண்டிலும் ஏறக்குறைய 6.28, அதாவது 2π. அதுதான் ரேடியனில் ஒரு முழுச்சுற்று.

கடைசியாக ஒரு கேள்வி. நவக்கிரகத்தைச் சிலர் 7 முறை வலமாகவும் 2 முறை இடமாகவும் சுற்றுவாங்க. கணிதத்தில் கடிகாரத் திசைக் கோணத்துக்குக் கழித்தல் குறி. அப்படியானால் மொத்தச் சுழற்சி எத்தனை பாகை? அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது நண்பர்களோடு கணக்குப் போட்டுப் பாருங்க.