ஐந்து வாட் என்ன செய்துவிடும்?

சுவரில் செருகிவைக்கும் சிறு மின்கருவிகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன. ஒன்று அறைக்கு நறுமணம் தருவது. ரூம் ஃபிரெஷ்னர் என்கிறோம். மற்றொன்று கொசுவை விரட்டுவது. இரண்டும் வேலை செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றே. சிறு குப்பியில் எண்ணெய் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. அகல் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, குப்பியிலுள்ள திரியில் இத்திரவம் நுண்புழை ஏற்றத்தால் மேலேறுகிறது. திரியின் நுனியைச் சுற்றி ஒரு சூடேற்றி உள்ளது. அதன் சூட்டில் திரவம் ஆவியாகி அறையெங்கும் பரவுகிறது.

இச்சூடேற்றியின் திறன் பெரும்பாலும் 2 முதல் 5 வாட் வரைதான். பழைய குண்டு பல்பு 60 வாட். இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அப்படியிருக்க, இந்த ஐந்து வாட் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. இரவு முழுவதும், வீட்டார் உறங்கும் அறையில், பல சமயம் கொசுவலைக்கு அருகிலேயே எரியும் கருவி இது. ஆகவே விடையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

சூடு எங்கே போகிறது?

5 வாட் என்றால் வினாடிக்கு 5 ஜூல் வெப்பம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். எனவே ஒரு நாளில் வெளிப்படும் வெப்பம் 4,32,000 ஜூல். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஆனாலும் கருவியைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகவே இருக்கிறது. காரணம் என்ன?

உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கருவி சூடேறச் சூடேற, சுற்றியுள்ள காற்றுக்கு அது இழக்கும் வெப்பமும் கூடுகிறது. உண்டாகும் வெப்பமும் இழக்கும் வெப்பமும் சமமானவுடன் வெப்பநிலை அதற்குமேல் ஏறாமல் நிற்கிறது. இதையே வெப்பச் சமநிலை என்கிறோம்.

இப்போது அதே கருவியைத் திரைச்சீலை மூடிக்கொள்கிறது, அல்லது கட்டிலின் தலைமாட்டில் தலையணை அதன்மேல் சாய்ந்துகிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட் மாறவில்லை, வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. இனி மேலும் உயர்ந்த ஒரு வெப்பநிலையில்தான் சமநிலை ஏற்படும். வாட் என்பது எவ்வளவு வெப்பம் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு சூடு என்பதைச் சொல்லாது. அது வெப்பம் வெளியேறும் வழியைப் பொறுத்தது.

இதற்குப் பாதுகாப்பாகத் தரமான கருவிகள் பலவற்றில் பேரியம் டைட்டனேட் கலந்த ஒருவகைப் பீங்கானையே சூடேற்றியாக வைக்கிறார்கள். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் மின்தடை பல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்குகூட உயர்ந்துவிடும். மின்னோட்டம் தானாகவே குறையும், சூடும் அடங்கும். மட்டமான கருவியில் இந்த ஏற்பாடு இல்லாமல் சாதாரண மின்தடை மட்டுமே இருக்கலாம். வெளித்தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

குப்பியில் இருப்பது தண்ணீர் அல்ல

ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் மெல்லிய சாரலாக ஓர் எண்ணெய் தெறிக்கும். அதில் மிகுதியாக உள்ள பொருள் லிமோனீன். நறுமணக் கலவைகள் பலவற்றிலும் இது சேர்க்கப்படுகிறது. சுமார் 48 டிகிரி செல்சியஸிலேயே, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு இதிலிருந்து ஆவி எழும்பிவிடும். அவ்வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பார்கள். கொசுவிரட்டித் திரவங்கள் பலவற்றிலும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பான் உண்டு.

திரியிலிருந்து மெல்ல வெளிவரும் சிறிதளவு ஆவி, திறந்த அறையில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும், அதனால் ஆபத்தில்லை. ஆனால் கருவியைச் சாய்த்தோ தலைகீழாகவோ செருகினால், திரவம் கசிந்து மின்பகுதிகளின்மேல் படியலாம். மேலும் லிமோனீன் சிலவகைப் பிளாஸ்டிக்குகளைக் கரைக்கக்கூடியது. தெர்மாகோல் துண்டின்மேல் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கிப் பாருங்கள். சாறு பட்ட இடம் குழிவதைக் காணலாம். (அருகில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது.)

ஃபியூஸ் எதைப் பார்க்கிறது?

"ஏதாவது ஆனால் ஃபியூஸ் போய்விடும், எம்.சி.பி. விழுந்துவிடும்" என்பது பலருடைய நம்பிக்கை. இதையும் சோதிப்போம்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 5 வாட் கருவி எடுக்கும் மின்னோட்டம் 5 ÷ 230, அதாவது சுமார் 0.02 ஆம்பியர். அந்தச் சுற்றில் உள்ள எம்.சி.பி. 6 ஆம்பியர் என்று கொள்வோம். கருவிக்குள் கோளாறு ஏற்பட்டு மின்னோட்டம் நூறு மடங்காகி, 2 ஆம்பியர் ஆகிவிட்டாலும் எம்.சி.பி. அசையாது. ஆனால் 2 ஆம்பியர் என்பது 460 வாட்! கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் 460 வாட் வெப்பம் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபியூஸும் எம்.சி.பி.யும் மின்னோட்டத்தைத்தான் பார்க்கின்றன. சுவரில் உள்ள கருவியின் சூடு அவற்றுக்குத் தெரியாது. நல்ல கருவிகளுக்குள் சூட்டில் அறுபடும் தனி இணைப்பு ஒன்றை வைப்பது இதனால்தான்.

தளர்ந்த சாக்கெட்

இனி, கருவியில் எக்கோளாறும் இல்லாதபோதும் வரக்கூடிய ஆபத்தைப் பார்ப்போம்.

நம் நாட்டு 6 ஆம்பியர் பிளக்கின் முள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிப்பு. இத்தகைய சிறு கருவிகள் பலவற்றின் முள் 4 மில்லிமீட்டர்தான். அவை துளையில் இறுக்கமாக நிற்பதில்லை. மேலும் குப்பியோடு சேர்ந்த முழு எடையும் அந்த இரு முட்களில் மாதக்கணக்கில் தொங்குகிறது. சாக்கெட்டினுள் முள்ளைப் பற்றிக்கொள்ளும் பித்தளைத் தகடு நாளடைவில் தளர்ந்துபோகிறது.

தளர்ந்த தொடர்பில் உலோகங்கள் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். அங்கே ஒரு தொடர்புத்தடை உண்டாகிறது. அது 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. நம் சிறு கருவியின் 0.02 ஆம்பியருக்கு இது 0.0002 வாட், பொருட்படுத்த வேண்டியதே இல்லை.

காலையில் அக்கருவியை எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகுகிறோம். மின்னோட்டம் சுமார் 4.3 ஆம்பியர். இப்போது தொடர்புப் புள்ளியில் எழும் வெப்பம் 4.3 × 4.3 × 0.5, அதாவது 9 வாட்டுக்கும் மேல். அரிசியளவு இடத்தில் இத்தனை வெப்பம்! சூட்டில் உலோகத்தின்மேல் ஆக்சைடு படியும். தகட்டின் விறைப்பும் குறையும். தடை 1 ஓம் ஆகும். வெப்பம் சுமார் 18 வாட் ஆகும். சூடு தடையைக் கூட்டுகிறது, தடை சூட்டைக் கூட்டுகிறது. கடைசியில் சாக்கெட் கருகுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடர்புத்தடை தொடரிணைப்பில் சேர்வதால், சுற்றின் மொத்த மின்னோட்டம் சற்றுக் குறையவே செய்கிறது. ஆகவே ஃபியூஸ் போகாது. மின்சாரம் தரைக்குக் கசியாததால் மின்கசிவு முறிப்பானும் விழாது. காவல் கருவிகள் எல்லாம் சரியாக இருக்கும்போதே சாக்கெட் வெந்துகொண்டிருக்கும்.

சில வெளிநாட்டு ரூம் ஃபிரெஷ்னர்களில், அதன் உடலிலேயே வேறொரு கருவியைச் செருக இன்னொரு சாக்கெட் வைத்திருந்தார்கள். அதில் செருகும் கருவியின் மின்னோட்டம் முழுவதும் நறுமணக் கருவியின் வழியாகத்தான் செல்ல வேண்டும். இவ்வகைக் கருவிகள் சுமார் 25 லட்சத்தை 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சிலவற்றின் பாகங்கள் தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததால் தீ விபத்து நேரலாம் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

நாம் செய்யக்கூடியவை

கருவியைச் செங்குத்தாகவே செருகுங்கள். திரைச்சீலை, கொசுவலை, காகிதம், படுக்கை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்றவை செருகப்படும் மல்டி பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ இதைச் சேர்க்காதீர்கள். வெளியே போகும்போது சுவிட்சை அணையுங்கள். குப்பி காலியான பிறகும் சூடேற்றி வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

சாக்கெட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்டுக் கால் மணி நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொடுங்கள். முட்களைத் தொடக்கூடாது. இளஞ்சூடு இயல்பானது. கை வைக்க முடியாத சூடு, துளையோரத்தில் பழுப்பு நிறம், கருகல் நாற்றம், 'படபட' என்ற ஓசை, தானே கழன்று தொங்கும் பிளக் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை அன்றே நிறுத்துங்கள். மின்பணியாளரைக் கொண்டு புதிது மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு உங்களுக்கு: தொடர்புத்தடை 0.4 ஓம் உள்ள ஒரு சாக்கெட்டில் முதலில் 2 வாட் ரூம் ஃபிரெஷ்னரையும், பிறகு 1500 வாட் கெட்டிலையும் செருகினால், தொடர்பில் எழும் வெப்பம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு? விடையைக் கண்டபின் அதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.